ரிபண்டபல் டிக்கட்: கைக்குத் திரும்பி வருவது எவ்வளவு?

சீனாவின் குவாங்சோ நகரில் வருடத்துக்கு இரு முறை நடக்கும் கென்டன் கண்காட்சிக்கு நம்மவர்கள் போய் வருவது இப்போது சாதாரண விடயமாகி விட்டது. புறக்கோட்டை வர்த்தகர்கள் மட்டுமல்ல, கண்டி, காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து முதலாளிமாரும் போகிறார்கள். விசா நேரத்துக்கு வருமா என்பது நிச்சயமில்லை. வந்தாலும் உடல்நலமோ வீட்டுக் காரியமோ குறுக்கிடலாம். ஆகவே, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று 'ரிபண்டபல்' டிக்கட் எடுப்பவர்கள் பலர். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவர் தனக்கும் மகனுக்குமாக இப்படி இரண்டு டிக்கட் எடுத்தார். ஒன்று 168,000 ரூபா. "ஹாஜியார், இது ரிபண்டபல். போக முடியாமப் போனா கென்சல் பண்ணுவோம், காசு வரும்" என்று ஏஜன்சியில் சொன்னார்கள். மகனின் விசா தாமதமானதால் பயணம் நின்றது. ஆறு வாரங்களுக்குப் பிறகு காசு வந்தது, டிக்கட்டுக்கு 121,000 வீதம். விமான நிறுவனத்தின் இரத்துக் கட்டணம் 30,000. ரிபண்ட் செய்து கொடுத்ததற்கு ஏஜன்சியின் கட்டணம் 7,500. டிக்கட் எழுதும்போதே விலைக்குள் சேர்த்திருந்த சேவைக் கட்டணம் 4,500, அது திரும்பாதாம். கடனட்டையில் கட்டியதற்கு மேலதிகமாக எடுத்த 5,000, அதுவும் திரும்பாதாம். இரண்டு டிக்கட்டிலும் 94,000 ரூபா போய்விட்டது.

இதில் யார் பொய் சொன்னார்கள் என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். காசு வரும் என்றார்கள், வந்தது. எவ்வளவு வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. என்னுடைய வழக்கு அந்த மௌனத்தின் மீதுதான்.

விமானத் தொழிலில் 'ரிபண்டபல்' என்பதற்கு 'முழுவதும் திரும்பும்' என்ற அர்த்தம் கிடையாது. 'நிபந்தனைப்படி கழித்துக்கொண்டு மீதி திரும்பும்' என்பதே அர்த்தம். ஒரு சதமும் கழியாமல் திரும்பும் டிக்கட்டுகளும் உண்டு. அவை பெரும்பாலும் மிக உயர்ந்த விலையில் இருப்பவை, நாம் எடுப்பவை அல்ல. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு விதிக்கோவை இருக்கிறது. அதில் 16ஆம் பிரிவு 'பெனல்டிஸ்', அதாவது தண்டக் கட்டணங்கள். பயணத்துக்கு முன் இரத்துச் செய்தால் எவ்வளவு, சொல்லாமல் கொள்ளாமல் விமானத்தைத் தவறவிட்டால் எவ்வளவு, பாதிப் பயணம் முடித்த பின் எவ்வளவு என்று எல்லாம் அங்கே உண்டு. ஏஜன்சிக்காரரின் கணினியில் அது ஓரிரு நிமிடத்தில் வரும். நமக்கு எதிரில்தான் அந்தத் திரை இருக்கிறது, ஆனால் முகம் அவர் பக்கம்.

அந்தப் பிரிவில் வியாபாரிகளைக் கடிக்கும் இடங்கள் சில உண்டு. போக ஒரு வகைக் கட்டணம், வர இன்னொரு வகை என்று டிக்கட் போட்டிருந்தால், பல வேளைகளில் இரண்டில் கடுமையான நிபந்தனையே முழு டிக்கட்டுக்கும் பொருந்தும். போய்விட்டு, திரும்பும் பாதியை மாத்திரம் இரத்துச் செய்தால் பாதி விலை வராது. போன பயணத்தை ஒருவழிக் கட்டணமாகக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். ஒருவழிக் கட்டணம் சில நேரம் இருவழிக்கே கிட்ட வந்துவிடும்.

டிக்கட்டில் வரிப் பட்டியலோடு வைகியூ, வைஆர் என்று குறித்திருக்கும் தொகையைப் பலர் அரசாங்க வரி என்றே நினைக்கிறார்கள். அது வரியல்ல, எரிபொருள் போன்ற காரணங்களுக்காக விமான நிறுவனம் தானே விதிக்கும் மேலதிகக் கட்டணம். திருப்பித் தருவதும் தராததும் அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. உண்மையான விமான நிலைய வரிகளோ, பயணிக்காதவருக்குப் பெரும்பாலும் திரும்பக் கூடியவை, 'நொன் ரிபண்டபல்' டிக்கட்டிலும் கூட. அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

'நோ ஷோ' என்பது இன்னொரு பொறி. ஞாயிறு இரவு விமானம். சனி பகல் ஏஜன்சி மூடிவிட்டது, அல்லது திங்கள் போயா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னால், விமானம் போன பிறகு சொன்ன கணக்கில் தண்டம் கூடிவிடும். இரத்துச் செய்வதாக இருந்தால் விமானம் கிளம்புமுன் ஆசனத்தை விடுவிக்க வேண்டும். ரிபண்ட் விண்ணப்பத்தை ஆறுதலாகப் போடலாம். விடுமுறை நாளில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று டிக்கட் வாங்கும்போதே கேட்டு வைத்தால் நல்லது.

கட்டணமாகக் கண்ணுக்குத் தெரியாத இழப்பும் உண்டு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட போது டொலர் 200 ரூபாவை அண்டி இருந்தது. மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. முன்பு ரூபாவில் வாங்கிய டிக்கட்டுக்கு ரூபாவிலேயே காசு திரும்பினால், அதைக் கொண்டு அதே பயணத்தை மறுபடி வாங்க முடியாது. இதற்கு எவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரிபண்ட் எத்தனை வாரம் இழுபடுகிறது என்பது நமக்கு ஏன் முக்கியம் என்பதை அந்த வருடம் காட்டியது. ஓட்டத்தில் இருக்க வேண்டிய முதல் அது.

ஏஜன்சிக்காரர்களின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களில் கணிசமானோர் நம் சமூகத்தவர்கள். ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் தாராளமாகக் கொடுத்த தரகு இன்று பெரும்பாலும் இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது. ரிபண்டில் ஒரு தவறு நேர்ந்தால் விமான நிறுவனம் ஏஜன்சியின் கணக்கில் அதைப் பற்று வைத்துவிடும். ஆகவே சேவைக் கட்டணம் எடுப்பது நியாயமே. வேலை செய்தவருக்குக் கூலி வேண்டும். ஆனால் கூலி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது பிக்ஹு நூல்களில் இஜாராவின் அடிப்படை நிபந்தனை. இரத்துச் செய்ய வந்து நிற்பவரிடம் முதல் தடவையாக 7,500 என்று சொல்வது அந்த நிபந்தனைக்குள் எப்படி அடங்கும்? குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அதைத் தெரியாத முஸ்லிம் முதலாளி அரிது.

எனது கோரிக்கை பெரியதல்ல. டிக்கட் பில்லின் அடியில் மூன்று வரி. இன்று இரத்துச் செய்தால் விமான நிறுவனம் கழிப்பது இவ்வளவு, விமானம் போன பின் என்றால் இவ்வளவு, எங்கள் கட்டணம் இவ்வளவு. உம்ராக் குழுக்களுக்கு எடுக்கும் குரூப் டிக்கட்டுகளுக்கு இது இன்னும் அவசியம். அவற்றின் நிபந்தனைகள் தனி டிக்கட்டைப் போன்றவையல்ல, முற்பணமே திரும்பாமல் போகலாம். அங்கே காசு கட்டுபவர் பல வேளைகளில் ஒரு வயோதிபத் தாய்.

அண்டை நாட்டில் இது அதிகாரபூர்வ விதியாகவே வந்தது. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016இல், இரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது, சட்டபூர்வ வரிகள் எந்த டிக்கட்டிலும் திரும்ப வேண்டும், ரிபண்ட் செய்வதற்கென்று விமான நிறுவனங்கள் மேலதிகமாக அறவிடக் கூடாது என்று விதித்தது. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. சேவைகளுக்கும் அது பொருந்தும். முறைப்பாட்டுக்கான தொலைபேசி 1977. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். ரிபண்டுக்காகவே ஒன்றரை மாதம் காத்திருப்பவருக்கு அது நீண்ட அவகாசமல்ல, அத்தோடு கையில் பில்லும் இருக்க வேண்டும். மேலே சொன்ன துணி வியாபாரியிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த டிக்கட் மட்டும்தான்.