கையெழுத்து கேட்டு வந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

உங்கள் மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். அங்கே நாலு வரியில் பதில் போட்டால் நாற்பது பேர் சண்டைக்கு வருவார்கள். அதனால் எல்லோரும் ஆற அமரப் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் வருத்தம் உங்கள் ஒருவர் மேல் மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வீடு வாங்கிக் காலூன்றிவிட்ட நம்மவர் பலர் மேலும்தான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் 48 வீடுகள் கொண்ட குடியிருப்பு வரப்போகிறது. எல்லாமே குறைந்த வருமானக்காரர்களுக்கு. அதில் கால் பங்கு, வீடில்லாமல் தவித்து இப்போது மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்கு. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, நெரிசல் கூடும், பார்க்கிங் போதாது என்று அதற்கு எதிராக மனுவில் மூன்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். நான்காவதாக, அந்தக் கால் பங்கு வீடுகளை மட்டுமாவது திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை. வீட்டு விலை இறங்கிவிடும் என்பதைத் தாளில் எழுதவில்லை. தமிழ்ப் பள்ளி வாசலில் வாயால் சொன்னீர்கள்.

முதலில் சட்டம். 2018-இல் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் நிறைவேறிய ஏ.பி. 2162 என்ற சட்டம் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கென்றே வந்தது. அடுக்குமாடி கட்ட அனுமதி உள்ள இடத்தில், எழுதி வைத்த அளவுகோலுக்குள் வரைபடம் அடங்கிவிட்டால் நகரம் அனுமதி தந்தே ஆக வேண்டும். கவுன்சிலில் ஓட்டெடுப்பு கிடையாது. ரயிலுக்கு அரை மைலுக்குள் இருந்தால் கார் நிறுத்த இத்தனை இடம் காட்டு என்றும் கேட்க முடியாது. அதற்கு முந்தைய வருடத்து எஸ்.பி. 35, 2023-இல் அதை நீட்டித்த எஸ்.பி. 423, 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட எஸ்.பி. 79 எல்லாமே ஒரே திசையில்தான் போகின்றன. முடியாது என்று சொல்லும் அதிகாரத்தை ஊர்க்காரர்கள் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறார்கள். அது கையில் இருந்தபோது நாம் என்ன செய்தோம்? எதைக் கட்டினாலும் வேண்டாம் என்றோம். 2020-இல் மில்பிடாஸில் ஒரு விடுதியை வீடற்றோருக்கான குடியிருப்பாக மாற்றியபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும்.

ஆக, உங்கள் மனு அந்தக் கட்டடத்தைத் தடுக்கப் போவதில்லை. அதனால் விளைவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

குறைந்த வருமானக்காரர் என்றதும் உங்கள் மனதில் யார் வருகிறார்களோ தெரியாது. சாண்டா கிளாரா கவுண்டியில் வருடம் ஒரு லட்சம் டாலர் வாங்கும் தனி ஆளும் அரசுக் கணக்கில் குறைந்த வருமானக்காரர்தான். நம் பிள்ளைகளின் டீச்சர் அதில் வருவார். இந்தியக் கடையில் தோசை மாவை அடுக்கி வைக்கும் பையனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1978-இல் வந்த புரொபொசிஷன் 13 புண்ணியத்தில், இருபது வருடத்துக்கு முன் வாங்கிய விலையை ஒட்டித்தான் நீங்களும் நானும் இன்றைக்கும் சொத்து வரி கட்டுகிறோம். அந்தச் சலுகையை எதிர்த்து நம்மில் யாரும் மனு எழுதியதாக நினைவில்லை.

இனி, நான் உட்கார்ந்து எழுதக் காரணமான விஷயம்.

கேர் கோர்ட் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. 2022-இல் சட்டமாகி, 2024 டிசம்பரோடு மாநிலம் முழுக்க வந்துவிட்டது. ஸ்கிட்சோஃப்ரீனியா போன்ற நோயால் சிகிச்சையை விட்டுவிட்டு அலைபவருக்காக அம்மாவோ அப்பாவோ கூடப் பிறந்தவரோ நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் கவுண்டியைக் கூப்பிட்டு, ஒரு வருடத்துக்கான சிகிச்சைத் திட்டத்தை உண்டாக்கும். அந்த கேர்-100 விண்ணப்பத்தை நிரப்ப நம் குடும்பங்களுக்கு நான் ஒத்தாசை செய்கிறேன். ஆமாம், நம் குடும்பங்களுக்குத்தான்.

ஒரு வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். டாக்டரின் உறுதிமொழித் தாள் வேண்டும், இல்லையென்றால் இரண்டு முறை மருத்துவமனையில் பிடித்து வைத்த அத்தாட்சி வேண்டும், அதில் கடைசியாக வைத்தது 60 நாளுக்குள் இருக்க வேண்டும் என்று நான் படித்துக்கொண்டே வந்தேன். அந்த அம்மா கோப்பு கோப்பாக எல்லாம் வைத்திருந்தார். பிறகு ஒரு கட்டம்: அவர் வசிக்கும் இடம், அல்லது கடைசியாகக் காணப்பட்ட இடம். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பையன் காரில் தூங்குகிறான். எந்தத் தெருவில் என்பது தினமும் மாறுகிறது. அப்பா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஊருக்கு அவர்கள் சொல்லி வைத்திருப்பது, பையன் சியாட்டிலில் வேலையில் இருக்கிறான் என்று.

திட்டத்தில் வீடு வேண்டும் என்று எழுதலாம். ஆனால் இல்லாத வீட்டை நீதிபதியால் எங்கிருந்து எடுத்துத் தர முடியும்? நெருக்கடி வந்தால் மருத்துவமனையில் 72 மணி நேரம் பிடித்து வைப்பார்கள். முற்றியிருந்தால் இன்னும் 14 நாள். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் வாசலுக்கு வெளியே விடுவார்கள். 1967-இல் ரீகன் ஆளுநராக இருந்து கையெழுத்திட்ட சட்டத்தின் மிச்சம் இது. ஆட்களை வருடக்கணக்கில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்கக் கூடாது என்றார்கள், நியாயம்தான். வெளியே வந்தவர்கள் ஊருக்குள் சிகிச்சையோடு வாழ இடம் வேண்டுமே, அதைத்தான் யாரும் வேண்டிய அளவு கட்டவில்லை.

அதை இப்போது கட்டப் பார்க்கிறார்கள். 2024 மார்ச் வாக்கெடுப்பில் புரொபொசிஷன் 1 நூலிழையில் ஜெயித்தது. சுமார் 640 கோடி டாலர் கடன் பத்திரம். அதோடு, பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் 2005-லிருந்து வாங்கும் ஒரு சதவீத வரியில், கவுண்டிக்குப் போகும் பணத்தில் 30 விழுக்காடு இனி வீட்டுக்கே என்றும் எழுதினார்கள். நம் ஆட்கள் சிலர் கம்பெனிப் பங்கை விற்ற வருடத்தில் அந்த வரியைக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பணம்தான் அண்ணா, உங்கள் தெருவுக்கு வருகிறது.

இன்ஷூரன்ஸ் கதை தனி. மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் தேவையான சிகிச்சை அத்தனைக்கும் பணம் தர வேண்டும் என்று 2021-லிருந்து சட்டம். அடுத்த சந்திப்பு பத்து வேலை நாளுக்குள் என்று 2022-லிருந்து இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டபோது, எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பட்டியலில் பாதி நம்பர் எடுக்கப்படவே இல்லை. புகார் எழுத முடிந்தது, ஏனென்றால் எங்களுக்கு ஒரு முகவரி இருந்தது.

இப்போது மனுவின் விளைவுக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு குடும்பங்களை எனக்கு இந்த விண்ணப்பங்கள் வழியாகத் தெரியும். யாரென்று சொல்லமாட்டேன், நீங்களும் தேடாதீர்கள். போடாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் முதல் ஆளாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில் விண்ணப்பம் பாதி எழுதியபடியே நின்றுவிட்டது. கோர்ட், கீர்ட் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது என்று இப்போது தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம்தான் எனக்குப் பயம். 2019-இல் வால்நட் கிரீக்கில் மைல்ஸ் ஹால் என்ற 23 வயதுப் பிள்ளையை, மனநிலை குலைந்த வேளையில் வந்த போலீஸ் சுட்டுக் கொன்றது. பிள்ளையின் நோயைப் பற்றி அந்தக் குடும்பம் போலீஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது. 988 நெருக்கடி உதவி எண்ணுக்கான மாநிலச் சட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. சொல்லி வைத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒளித்து வைக்கிறவர்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்து நிற்பார்கள்?

உங்கள் கேள்விகள் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. ராத்திரியில் அங்கே ஆள் இருப்பார்களா? எத்தனை பேருக்கு ஒரு கேஸ் மேனேஜர்? கட்டடத்துக்குப் பணம் வந்துவிடும், சேவைக்குப் பத்தாவது வருடத்தில் யார் தருவார்கள்? இவை அத்தனையும் சரியான கேள்விகள். கட்டுவதற்குக் காட்டும் தாராளத்தை நடத்துவதற்கு அரசாங்கம் காட்டுவதில்லை. கவுன்சில் கூட்டத்தில் மைக் முன் வந்து இதைக் கேளுங்கள், பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

ஆனால் அந்த நான்காவது கோரிக்கை கவுன்சிலுக்குப் போகக் கூடாது. 1988-இல் திருத்திய கூட்டாட்சி வீட்டுரிமைச் சட்டத்தில் மனநோயும் ஊனம்தான். அதைக் காட்டி வீட்டை மறுத்தால் நகரத்தின் மேல் வழக்கு வரும், செலவு நம் வரியில்தான் கழியும். மனுவைக் கொடுக்கும் முன் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, திருத்திய பிரதியைக் குழுவில் போடுங்கள். பார்க்கிங் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுவோம்.

இப்படிக்கு,
அடுத்த தெருத் தங்கை