கரையில் நின்றவர்களுக்கு எட்டாத எச்சரிக்கை

இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் 2004 டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 2,30,000 உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலையை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது மாண்டோருக்குச் செய்யும் அநீதி. நிலநடுக்கம் இயற்கையின் செயல். ஆனால் யார் இறந்தார், யார் பிழைத்தார் என்பதைப் பெருமளவு தீர்மானித்தவை மனிதர் வகுத்திருந்த ஏற்பாடுகளே.

சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில், இந்தியாவையும் அதைச் சூழ்ந்த கடல்தரையையும் சுமந்து நகரும் பாறைப்பாளமான இந்தியப் புவித்தட்டு, பர்மா தட்டுக்கு அடியில் மெல்லச் செருகிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த அந்தப் பொருத்து அன்று காலை இந்திய நேரம் 6.29 மணிக்கு, 9.1 அளவிலான அதிர்வுடன் விடுபட்டு, அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தபோது, மேலெழுந்த கடல்தரை தன்மீதிருந்த நீர் முழுவதையும் தூக்கிவிட்டது. இவ்வாறு பிறக்கும் அலை ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் விரைந்தாலும் அதன் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் வேகம் தணிந்து நீர் உயர்ந்தெழுகிறது. ஆகவே, தொலைகடலில் இருந்த படகுகளுக்கு அடியில் உணரப்படாமலே கடந்துபோன அலை, மீன் வாங்குவதற்காகப் படகுகளை எதிர்பார்த்துக் கரையில் நின்ற பெண்களையும் அருகில் விளையாடிய பிள்ளைகளையும் வாரிச் சென்றது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களுள் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005-இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. மீனவக் குடும்பங்களில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தரப்படுவதில்லை; சேலை காலைச் சுற்றியது; குழந்தையை விட்டுவிட்டு ஓடத் தாய்க்கு மனம் வரவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு கடலில் உருவானதன்று, ஊரில் உருவானது.

அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பசிபிக் கடலுக்கு 1949 முதல் ஹவாயில் எச்சரிக்கை மையம் இருந்தும், இந்தியப் பெருங்கடலுக்கென ஒன்று அன்று இல்லை. ஹைதராபாத்தில் இந்திய மையம் 2007-இல்தான் அமைந்தது. அது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருவிகளை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதற்கு இந்தோனேசியாவின் சிமெலுவே தீவே சான்று. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அத்தீவை அலை பத்து நிமிட அளவில் அடைந்துவிட்டது. எந்த எச்சரிக்கை மையமும் அதற்குள் உதவியிருக்க முடியாது. 1907-இல் நேர்ந்த பேரலையின் நினைவைக் கதையாகவும் பாட்டாகவும் தலைமுறைதோறும் சொல்லி வந்த அம்மக்கள், நிலம் அதிர்ந்தவுடன் குன்றுகளுக்கு ஓடினர்; ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர் ஏழு பேர் என்றே பதிவாகியுள்ளது.

இத்தகைய ஆயத்தத்தைப் பயிற்சியாலும் உருவாக்கலாம். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய ஊர்கள், வெளியேறும் வழிகளை வரைந்து, மக்களைப் பழக்கி, 2020-இல் யுனெஸ்கோவின் ‘சுனாமிக்கு ஆயத்தமான ஊர்’ என்னும் ஏற்பைப் பெற்றன. தமிழகத்தின் ஒவ்வொரு மீனவ ஊரும் அத்தகுதியைப் பெறும்படி அரசு காலவரையறை வகுக்க வேண்டும். ஒத்திகைகள் அலுவலர்களுக்கு வசதியான நேரத்தில் அல்லாமல், பெண்கள் கரையில் நிற்கும் மீன் ஏல நேரத்திலேயே நடைபெற வேண்டும். ஆண்களே கூடி முடிவெடுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துகள், பேரிடர்க் குழுக்களிலேனும் மீன் விற்கும் பெண்களுக்குச் சரிபாதி இடம் தர வேண்டும். கடலோரப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.