மூன்று முறை வாசித்தால் போதுமா?

எந்தப் பாடமானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூன்று முறை சத்தமாக வாசித்தால் போதும் என்கிறார்கள். தர்மபுரி மாவட்டத்து மாணவர்களுக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. வரி மனத்தில் தங்கும், பொருள் தங்காது.

புறநானூற்றின் 95ஆம் பாடலை எடுங்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல் மனையில் இருக்கின்றன. தகடூர் அரசன் அதியமானுடையவை முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. முப்பது முறை ஓதினாலும் இது தொண்டைமானின் புகழாகவே கேட்கும். ஔவையார் அதியமானின் தூதராகப் போய்ப் பாடியது என்ற குறிப்பை முதலில் படித்தவருக்கே, தொண்டைமான் போரே காணாதவன் என்ற குத்தல் உறைக்கும்.

இன்று தர்மபுரி எனப்படும் அதே தகடூர் மண்ணின் நடுகல்லை வாசிக்க வேறு வழி. அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், ஆநிரை மீட்டுப் பட்ட வீரன் என்ற அமைப்பு தெரிந்திருந்தால் தேய்ந்த எழுத்தும் பிடிபடும்.

இங்குள்ள நிலத்தடி நீரின் புளோரைடு அறிக்கையையோ முதல் வரியிலிருந்து தொடங்கவே வேண்டாம். நேரே அட்டவணைக்குப் போக வேண்டும்: அலகு என்ன, மாதிரி எந்த மாதத்தில் எடுத்தது, கிணறு எவ்வளவு ஆழம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியவை எவை?

செய்யுளை மனப்பாடம் செய்ய உரக்க வாசிப்பது உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அதை மட்டுமே கொடுப்பது அநியாயம். பாட ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாடநூலை எப்படி வாசிப்பது என்பதற்கே முதல் வகுப்பை ஒதுக்கட்டும்.