ஊமைக் காயத்திற்கு யார் பதில் சொல்வது?

ஒரு தாயின் கேள்வியை இவ்வாரம் நம் வாசகர்கள் முன் வைக்கிறோம். அவர் பால்மரம் வெட்டும் தொழிலாளி. நம் சங்கத்தின் அங்கத்தினர். அவருடைய மகனுக்கு வயது 16. ஏழு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, டியூஷன் முடிந்து நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த பையன், தோட்டத்துச் செம்மண் சாலை வளைவில் சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், வாரை மாட்டவில்லை. சில நிமிடம் நினைவிழந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஓர் இரவு வைத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, லேசான அடிதான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒன்றுமில்லை என்றால் என் பழைய பிள்ளை எங்கே?" என்று கேட்கிறார் தாய்.

கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரனாக இருந்தவன் இன்று கடைக்கு அனுப்பினால் எதை வாங்க வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புகிறான். வெயில் பட்டால் தலைவலி. பக்கத்து வீட்டு ரேடியோச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தங்கைமேல் வீசியெறிந்தான். பிறகு அவனே உட்கார்ந்து அழுதான். ஆசிரியர் சோம்பேறி என்றார். லயத்துக்காரர்கள் காற்றுச் சேட்டை என்றார்கள். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது "இந்த வயசில் இப்படித்தான்" என்றார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தார்களே தவிர, பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை.

உடம்புக்குள் விழுந்து வெளியே தெரியாத அடியை நம்மவர்கள் ஊமைக் காயம் என்பார்கள். மூளைக்கும் ஊமைக் காயம் உண்டு. மூளை மென்மையான உறுப்பு. தலை மோதும்போது அது மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு நைந்து போகின்றன. ஸ்கேன் படம் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இந்த நுண்ணிய சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே படம் சுத்தமாக இருக்கிறது என்பதால் மூளை நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

"லேசான" என்ற சொல் எங்கிருந்து வந்தது? கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974-இல் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 3 முதல் 15 வரை. 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் லேசான காயம் என்பது வழக்கம். அது அடிபட்ட சமயத்து நிலைமையைச் சொல்லும் கணக்கு. பின்னால் வரப்போகும் மாதங்களுக்கு அது ஜாமீன் அல்ல. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. சிலருக்கோ தலைவலி, மறதி, தூக்கமின்மை, கோபம் எல்லாம் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. இதை வீட்டுக்கு அனுப்பும் அன்றே அந்தத் தாய்க்குப் புரியும் மொழியில் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அவருக்கு ஒருநாள் கூலி போகிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ, தாய் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் கைகொடுக்கும். மகன் டியூஷனிலிருந்து திரும்பும் வழியில் விழுந்தால் கொடுக்காது. அது தொழிலாளிக்கான பாதுகாப்பு. பள்ளிப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. இந்த ஓட்டையை அடைக்கும்படி கேட்க வேண்டியது சங்கத்தின் கடமை.

அதுவரை சும்மா இருக்கலாமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. தலையில் அடிபட்ட பிள்ளைக்காகப் பெற்றோர்தாம் வாய் திறக்க வேண்டும். பிள்ளையிடம் காணும் மாற்றங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவ அறிக்கைக்கு எழுத்து மூலம் மனுச் செய்யுங்கள். நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். ஞாபகசக்தியையும் கவனத்தையும் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். டாக்டர் சம்மதிக்கும்வரை பந்து விளையாட விடாதீர்கள். ஆறாத மூளைமேல் இரண்டாவது அடி விழுவது பேராபத்து. அடிபட்ட பிள்ளை ஓயாமல் வாந்தியெடுத்தாலும், எழுப்ப எழுப்ப மயங்கினாலும், வலிப்பு வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கும் கடிதம் கொடுங்கள். தக்க சான்று காட்டும் மாணவருக்கு எஸ்.பி.எம். சோதனையில் கூடுதல் நேரம் கொடுக்க வழியுண்டு. முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இங்கே நம் கிராணிமார்களிடம் ஒரு வார்த்தை. மனு எழுதத் தெரியாமல் எத்தனையோ தாய்மார்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். உங்கள் பேனாவுக்கு அரைமணி நேர வேலை. அவர்களுக்கு அதுவே பெரிய பலம்.

சென்ற மாதம் நம் கிளைத் தோழர் ஒருவர் அந்தத் தாயோடு துணைக்குப் போனார். இம்முறை வேறொரு டாக்டர் நோட்டைப் படித்துப் பார்த்தார். பையனுக்கு மூளையதிர்ச்சியின் பின்விளைவு என்று விளக்கினார். தலைவலிக்கும் தூக்கத்திற்கும் சிகிச்சை தொடங்கினார். எப்போது முழுமையாகக் குணமாகும் என்று தாய் கேட்டார். "இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது, ஆனால் தொடர்ந்து பார்ப்பேன்" என்றார் டாக்டர். தெரியாது என்று நேர்மையாகச் சொல்வதும் ஒரு பதில்தான். ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிப்பது பதிலாகாது.

திரும்பி வரும்போது அந்தத் தாய் சொன்னாராம்: "வேண்டுமென்றே செய்கிறான் என்று எத்தனை நாள் அடித்துவிட்டேன்!"

இந்தப் பழி அவரைச் சேர்ந்ததல்ல. ஏழு மாதம் அவருக்குப் பதில் சொல்லாமல் விட்டவர்களைச் சேர்ந்தது. இன்னொரு லயத்தில் இன்னொரு தாய் இதே இருட்டில் நிற்கக்கூடாது. நாம் கேட்பது சலுகையல்ல, விளக்கம். அதைக் கேட்கப் போகும் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள், தோழர்களே!