சோம்பேறி வில்லனுக்கு ஒரு வணக்கம்

கோடு போட்ட ஊதா நிறக் கோட்டு, வானத்தைப் பார்த்து நிற்கும் தலைமுடி, நீட்டி ஒட்டிய தாடை. ‘லேஸிடவுன்’ தொடரில் வரும் ராபி ராட்டனை மறந்திருக்க மாட்டீர்கள். ஊர்ப் பிள்ளைகள் ஓடியாடி விளையாடக்கூடாது, தன்னைப் போலச் சோம்பேறியாகப் படுத்துக்கிடக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகும் வில்லன் அவர். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த தொடர் இது. ஆனால் பலர் மனத்தில் ஒட்டிக்கொண்டது இந்தச் சோம்பேறிதான்!

அந்த வேடத்தில் நடித்தவர் ஸ்டெஃபான் கார்ல் ஸ்டெஃபான்சன். 1975-இல் ஐஸ்லாந்தில் பிறந்தவர். நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்தைத் தொடாத இடம். அங்கே நடிகராக வாழ நினைப்பவர் பாடவும் ஆடவும் மேடையில் சிரிக்கவைக்கவும் தெரிந்திருந்தால் நல்லது. ஸ்டெஃபானுக்கு எல்லாமே வந்தது. 1999-இல் ‘லேஸிடவுன்’ ஐஸ்லாந்தில் மேடை நாடகமாக இருந்தபோதே வில்லன் வேடம் அவருக்குத்தான். 2004-இல் அது ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடராகி உலகம் சுற்றத் தொடங்கியது. பிறகு அமெரிக்க மேடைகளில், கிறிஸ்துமஸைத் திருடும் கிரிஞ்ச் வேடத்திலும் பல ஆண்டுகள் பாடி நடித்தார். அங்கும் வில்லன்தான்!

சின்ன வயதில் பகடிவதைக்கு ஆளானவர் இந்த ‘வில்லன்’. வளர்ந்து பெயர் வாங்கிய பிறகு அதை மறந்துவிடவில்லை. பகடிவதையால் பாதிக்கப்படும் பிள்ளைகளுக்காக, ‘வானவில் குழந்தைகள்’ என்று பொருள்படும் பெயரில் ஐஸ்லாந்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். திரையில் பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுத்தவர், திரைக்கு வெளியே அவர்கள் பக்கம் நின்றார்.

2016-இல் அவருக்குப் பித்தநாளப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை நாட்களில் குடும்பத்துக்கு உதவ, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர் இணையத்தில் நிதி திரட்டினார். அந்தச் சமயத்தில்தான் விசித்திரமான ஒன்று நடந்தது. ராபி மூன்று உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டு நாயகனைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ‘வீ ஆர் நம்பர் ஒன்’ பாடலை, இளையர்கள் வெட்டி ஒட்டி ஆயிரம் விதமாக மாற்றிப் போடத் தொடங்கினார்கள். விளையாட்டாகப் போட்ட அந்தக் காணொளிகளின் கீழேயே நிதி திரட்டும் முகவரியும் வந்தது. 1 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் சேர்ந்தது.

வானொலியில் இருப்பதால் ஒன்று சொல்வேன். ஒரு பாட்டு வந்த வேகத்தில் காணாமல் போவதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம். 2014-இல் ஒளிபரப்பான ஒரு சிறுவர் பாட்டு, இரண்டு ஆண்டு கழித்து, பாடியவருக்கே கைகொடுக்க எழுந்து வருவது அபூர்வம். ஸ்டெஃபானும் அதை மதித்தார். அந்த டிசம்பரில், நோயோடு இருந்த நிலையிலும், பழைய உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு, அதே பாட்டை ஃபேஸ்புக் நேரலையில் ரசிகர்களுக்காகப் பாடி ஆடினார்.

பின்னர் நோய் முற்றியது. 2018 ஜூனில் ஐஸ்லாந்து அரசு தன் உயரிய பால்கன் விருதை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி அவர் காலமானார். வயது 43. தனக்கு இறுதிச் சடங்கு வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

‘மீம்’ என்றாலே யாரையோ கேலி செய்வது என்றுதான் பெற்றோர் பலர் நினைக்கிறோம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கேலியின் வலி ஸ்டெஃபானுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதே மனிதருக்கு, முகம் தெரியாத பிள்ளைகள் பலர் சிரிப்பாலேயே தோள் கொடுத்தார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால், பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னடா அது, எனக்கும் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறான், யாரோடு சேர்ந்து சிரிக்கிறான் என்று அப்போது தெரிந்துவிடும்.