வரிக்கு மனைவி வேண்டும், பங்குக்கு வேண்டாமாம்!

சாஸ்திரத்துக்காகப் பணத்தைச் செலவு செய்து பாழானவர்களை நமது தோழர்கள் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே சாஸ்திரத்தைச் சர்க்கார் வரிக் கச்சேரியில் காட்டி, வருஷா வருஷம் லட்சக்கணக்கில் மிச்சம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது கிராமத்துத் தோழர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பட்டணத்து ஆடிட்டர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். அவர்கள் இதற்கு எச்.யு.எஃப். என்று பேர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் "பாகம் பிரியாத இந்து குடும்பம்" என்று அர்த்தம்.

வருமான வரிச் சட்டத்தின்படி வரி கட்டுகிற "ஆள்" என்றால் நீங்களும் நானும் மட்டுமல்ல. கம்பெனி ஒரு ஆள். கூட்டு வியாபாரம் ஒரு ஆள். அதுபோல் பாகம் பிரியாத இந்து குடும்பமும் ஒரு தனி ஆள். அதற்குத் தனிப் பான் கார்டு உண்டு, தனிப் பாங்குக் கணக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தனி வரி விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் 1922-ல் செய்த சட்டத்தில் இருந்தது. சுயராஜ்யம் வந்த பிறகு 1961-ல் செய்த சட்டத்திலும் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு 2025-ல் புதிதாய் எழுதினார்களே, அந்தச் சட்டத்திலும் இது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒருவர் வருஷத்துக்கு 30 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்குகிறார். பாட்டன் காலத்துப் பூர்வீகக் கட்டடத்திலிருந்து வாடகையும் வருஷம் 8 லட்சம் வருகிறது. வாடகையில் நூற்றுக்கு 30 கழிவு போக மீதி 5,60,000. இது அவருடைய சொந்த வருமானம் என்றால், 24 லட்சத்துக்கு மேலே போய்விட்டவராதலால், 2025-26 புதிய விகிதப்படி நூற்றுக்கு 30 வீதம் 1,68,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். அதே வாடகை "குடும்பம்" என்கிற ஆளின் வருமானம் என்றால், முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. மீதி 1,60,000-க்கு நூற்றுக்கு 5 வீதம் 8,000 ரூபாய்தான் வரி. செஸ் தனி, அதை விட்டுவிடுவோம். வீடு அதே வீடு, சாப்பிடுகிறவர்கள் அதே ஆட்கள், சர்க்காருக்கு நஷ்டம் 1,60,000 ரூபாய்!

இப்பொழுது பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே ஒரு டாக்டர் அம்மாள் இருக்கிறார். அவர் தகப்பனார் கூலிக்கு நாற்று நட்டவர். விட்டுப் போன சொத்து ஒரு மண்வெட்டிதான். அந்த அம்மாளும் 30 லட்சம் சம்பாதிக்கிறார். தன் சொந்த உழைப்பில் ஒரு கட்டடம் கட்டி, அதில் அதே 8 லட்சம் வாடகை வாங்குகிறார். அவர் கட்ட வேண்டியது முழு 1,68,000. "நானும் என் கட்டடத்தைக் குடும்பத்துக்கு என்று எழுதிவைக்கிறேன்" என்று அவர் போனால், சொந்தமாய்ச் சம்பாதித்ததைக் குடும்பத்தில் போட்டாலும் அது உன் வருமானமே என்று சட்டம் கதவைச் சாத்துகிறது. 1969-ம் வருஷக் கடைசியிலிருந்து அந்தக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது. பாட்டன் சொத்துக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. அதாவது பாடுபட்டு மேலே ஏறி வந்தவருக்கு முழு வரி. மேலேயே பிறந்தவருக்குத் தள்ளுபடி. அந்த அம்மாள் முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ இருந்துவிட்டால் கதவைத் தட்டவும் பாத்தியமில்லை; இந்த ஆள் இந்து சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டுமே பிறக்கிற ஆள்!

இந்த ஆள் எப்படிப் பிறக்கிறான் என்பதுதான் வேடிக்கை. பாகம் பிரிந்து சொத்து வாங்கிய ஒருவன் கலியாணமாகாமல் இருக்கும் வரையில், அவன் தனி ஆளாகவே வரி கட்ட வேண்டும், ஒருவன் மாத்திரம் குடும்பமாக மாட்டான் என்று சுப்ரீம் கோர்ட் 1974-ல் தீர்ப்புச் சொல்லிற்று. சரியான தீர்ப்புத்தான். ஆனால் அவன் ஒரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டு வந்துவிட்டால் உடனே குடும்பம் உண்டாகிவிடுகிறது, வரியும் குறைந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சலுகைக்கு மூலதனம் அந்தப் பெண். அவள் வந்து காலெடுத்து வைக்காவிட்டால் ஒரு தம்படி மிச்சமில்லை.

சரி, மிச்சத்துக்குக் காரணமான அந்தப் பெண்ணுக்கு அந்தக் குடும்பத்தில் என்ன யோக்கியதை? அவள் அங்கத்தினர், அவ்வளவுதான். பங்காளி அல்ல. பாகம் கேட்க முடியாது. கர்த்தாவாக இருக்க முடியாது. புருஷன் செத்த பிறகும் விதவை கர்த்தாவாக முடியாது, ஏனென்றால் அவள் பங்காளியல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1965-லேயே சொல்லிவிட்டது. தகப்பனும் பிள்ளைகளும் பாகம் பிரிக்கும்போது மனைவிக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்று மிதாட்சரத்தில் இருக்கிறதே என்றால், அந்த வழக்கம் தென்னாட்டில் எப்பொழுதோ மறைந்துவிட்டது என்று சட்டப் புஸ்தகங்களே எழுதிவைத்திருக்கின்றன. சாஸ்திரத்தில் பெண்ணுக்குத் தப்பித்தவறி ஒரு வரி நல்லதாயிருந்தாலும் அது மட்டும் வழக்கொழிந்து போய்விடுகிறது. ஆணுக்கு லாபமான வரி 900 வருஷமானாலும் ஒழிவதில்லை!

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். குடும்பத்தின் காரியங்களை நிர்வகிப்பதற்காகக் கர்த்தா தனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொண்டால், ஒப்பந்தம் ஒழுங்காயிருக்கிற பட்சத்தில் அதைக் குடும்பத்தின் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 1967-ல் தீர்ப்பாயிற்று. ஆனால் ஒரு ஸ்திரீ தன் புருஷனுடைய வியாபாரத்தில் கணக்கெழுதி, சரக்குப் பிடித்து, ஆட்களை மேய்த்துச் சம்பளம் வாங்கினால், அவளிடம் அந்தத் தொழிலுக்குரிய படிப்போ தகுதியோ இல்லையென்றால், அந்தச் சம்பளம் அவளுடையதல்ல, புருஷனுடைய வருமானத்தோடு சேர்க்க வேண்டியது என்பது சட்டம். வரி ஏய்ப்பைத் தடுக்க என்று காரணம் சொல்லுகிறார்கள். ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் ஆண் செய்தால் நிர்வாகம், பெண் செய்தால் ஏய்ப்பு என்று முதலிலேயே முடிவுகட்டிக்கொண்டு எழுதிய சட்டமாக அல்லவா இருக்கிறது!

சம்பாதிக்கிற பெண்களுக்கென்று சர்க்கார் ஒரு காலத்தில் கொஞ்சம் கூடுதல் விலக்குக் கொடுத்து வந்தது. 2011-12-ல் ஆண்களுக்கு 1,80,000, பெண்களுக்கு 1,90,000. கணக்குப் பார்த்தால் பெண்ணுக்குக் கிடைத்தது வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். அதையும் அடுத்த வருஷம் இருவருக்கும் 2 லட்சம் என்று ஒன்றாக்கி எடுத்துவிட்டார்கள். ஆயிரம் ரூபாய் விஷயத்தில் இவ்வளவு சமத்துவம் பார்த்த கணக்குப்பிள்ளைகளின் கண்ணுக்கு, மேற்படி 1,60,000 ரூபாய் மட்டும் ஏன் தெரியவில்லை?

"பெண்களுக்குத்தான் சொத்துரிமை வந்துவிட்டதே" என்று சிலர் சொல்லக்கூடும். வந்திருக்கிறது, நாம் மறுக்கவில்லை. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள், 1989-ல் நமது மாகாணச் சட்டத்தையும் 2005-ல் இந்திய சர்க்கார் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறப்பினாலேயே பெண்ணும் பங்காளி என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்தியது. ஆனால் இவையெல்லாம் மகளுக்கு வந்தவை. மருமகளாய்ப் போன இடத்தில் அதே பெண் இன்னும் அங்கத்தினர்தான். அன்றியும், பணக்கார வீட்டு மகளுக்கும் பங்கு என்பதால் பணக்கார வீட்டுக்கு வரித் தள்ளுபடி என்பது நியாயமாகிவிடுமா? கூலிக்காரன் மகளுக்கு அதில் என்ன வந்தது?

மற்றொருவர், "இது அற்பத் தொகை, இதற்கா இவ்வளவு கூச்சல்" என்பார். அற்பம் என்றால் விட்டுவிடுவதுதானே! செத்தவர் சொத்தின் மேல் வரி 1985-ல் போயிற்று. தான வரி 1998-ல் போயிற்று. சொத்து வரி என்று பெரிய சொத்துக்காரர்கள் மேல் இருந்ததை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது "வசூல் அற்பம்" என்பதே ஜவாப். இப்படி அற்பம் அற்பமாக எடுத்துக்கொண்டே வந்ததில், 2022-23-ல் இத்தேசத்துச் சொத்தில் நூற்றுக்கு 40 பங்கு, ஜனங்களில் நூற்றுக்கு ஒருவராயிருப்பவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் 2024-ல் கணக்குக் காட்டினார்கள். அதே சமயம் கூலிக்காரி வாங்குகிற சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஜி.எஸ்.டி. போட்டுத்தான் கடையில் கொடுக்கிறார்கள். "நான் பாகம் பிரியாத குடும்பம்" என்று அவள் மளிகைக் கடைக்காரனிடம் சொல்லிப் பார்க்கட்டுமே!

இதையெல்லாம் நாம்தான் கண்டுபிடித்துச் சொல்லுகிறோம் என்பதல்ல. வாஞ்சூ கமிட்டி 1971-லேயே, இந்தக் குடும்பம் வரி தப்பிக்கும் வழியாய் உபயோகமாகிறது என்று எழுதிவிட்டது. டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்ட மசோதா மிதாட்சரக் கூட்டுச் சொத்தையே எடுத்துவிடப் பார்த்தது. வைதீகர்கள் கூச்சலில் அது நின்று, அவரும் 1951-ல் மந்திரி பதவியை விட்டு வெளியேறினார். சட்டக் கமிஷன் 2018-ல் இந்த ஏற்பாட்டை ஒழிக்கலாம் என்று ஆலோசனை சொல்லிற்று. எல்லா மதத்தாருக்கும் ஒரே சட்டம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஒரே சட்டம் என்பது அடுத்தவன் வீட்டுக் கலியாணத்துக்குத்தான், தங்கள் வீட்டு வரிக்கு இல்லை போலும்.

மலையாள தேசத்தில் 1975-ல் சட்டம் செய்து, 1976 டிசம்பர் முதல் இந்து கூட்டுக் குடும்பமே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தகப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். கோவிலையும் யாரும் பூட்டவில்லை. டில்லி பார்லிமெண்டுக்கு நமது ஓட்டில் போயிருக்கிற மெம்பர்கள், மலையாளத்தானுக்கு ஆகாத இந்தத் தள்ளுபடி மற்றவர்களுக்கு மட்டும் எதற்கு என்று அடுத்த பட்ஜெட்டின்போது எழுந்து கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு ஊருக்கு வரும்போது, கேட்டீர்களா என்று தோழர்கள் அவர்களை விசாரிக்க வேண்டும்.