எங்களைக் கேட்டுவிட்டுத் தோண்டக் கூடாதா?

ஒரு விவசாயி சொந்த வயலில் மோட்டாருக்கு மின் இணைப்பு வாங்க சிட்டா, அடங்கல், விஏஓ கையெழுத்து என்று நடையாய் நடக்கிறார். பக்கத்து வயலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஆயிரக்கணக்கான அடி ஆழம் தோண்ட வருகிறவர்களோ ஊராரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்க வேண்டாமாம். இது எந்த ஊர் நியாயம்?

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை ‘ஏ’ பிரிவிலிருந்து ‘பி2’ பிரிவுக்கு மாற்றினார்கள். கேட்டால் ஏதோ ஆபீஸ் கணக்கு மாதிரி இருக்கும். பி2 என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை, கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவையில்லை. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி கொடுத்துவிடலாம்.

“வெறும் ஆய்வுதானே” என்கிறார்கள். அதைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. ஆய்வு என்றால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்களா? வரப்பை இடித்து, வயலில் மண் கொட்டி மேடாக்கி, கனரக லாரி வர ரோடு போட்டுத்தான் ரிக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நாம் குடிக்கும் நீர் தங்கியிருக்கும் மண் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டுதான் அந்தக் குழாய் இறங்குகிறது. துளையிலிருந்து வரும் சேற்றையும் கல் துகளையும் கொட்ட ஒரு குழி வேறு. ஐப்பசி அடைமழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்கி யார் வயலில் பாயும் என்பது பக்கத்து வயல்காரருக்கு அத்துப்படி. அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன என்று நான் சொல்லவில்லை. முன்வரிசை நாற்காலியில் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்துகொள்வார்கள், வாசலில் போலீஸ் நிற்கும். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க, தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். ஆனாலும் 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும், மக்கள் சொன்னதைத் தொகுத்து முடிவில் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. ஒரு அம்மா மைக்கைப் பிடித்து, “எங்க குழாய்த் தண்ணி கெட்டா யாருய்யா பொறுப்பு?” என்று கேட்டால் அது பதிவாகும். கம்பெனி அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். அந்த ஒரு பிடியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் 2017-இல் வேலைவெட்டியை விட்டுவிட்டு வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது எதற்காக? அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து வயலில் ஓடியது. கேள்வி கேட்டுத் திரண்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடி, கைது. இவ்வளவும் பார்த்த பிறகு மூன்றே ஆண்டுகளில் கேட்கும் வழியையே அடைக்க எப்படி மனசு வந்தது?

2020 பிப்ரவரியில் தமிழக அரசு, காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. ராமநாதபுரம் அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. 2025-இல் அங்கே ஓஎன்ஜிசியின் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநில ஆணையம் காதும் காதும் வைத்தாற்போல் அனுமதி கொடுத்திருந்தது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால்? ஒவ்வொரு முறையும் யாராவது கோப்பைத் தோண்டிப் பார்த்துச் சொன்னால்தான் ஊர் பிழைக்குமா?

ஆய்வுக் கிணறுகளை மறுபடியும் ‘ஏ’ பிரிவில் சேருங்கள். முழு அறிக்கையையும் தமிழில் கொடுங்கள். ரிக் வருவதற்கு முன்பே, அந்தந்த ஊரில், விதைப்பும் அறுப்பும் இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டம் போடுங்கள். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு போங்கள்.